டாஸ் காசும் தேவச்செயலும்

இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துச் சபைகளில் ஞாயிறு சாட்சி நேரம் வந்தால் அடிக்கடி காதில் விழுகிற ஒரு வரி உண்டு. "போன கிழமை டூர்ணமெண்ட்ல கர்த்தர் எங்களுக்கு ஜெயத்தக் குடுத்தார், ஸ்தோத்திரம்." சபை அல்லேலூயா சொல்லும். எழுந்து நின்ற பையன் பொய் சொல்லவில்லை. அவன் நெஞ்சு நிறைந்துதான் சொல்கிறான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தோட்டத்தின் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் ஒரே சபை. பைனலில் தோற்ற அணியின் விக்கெட் கீப்பர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதே அல்லேலூயாவைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவனும் சனிக்கிழமை இரவு முழங்கால் போட்டவன்தான். கடைசி ஓவரில் கேட்ச் விட்டவன் எழுந்து, "கர்த்தர் எங்களத் தோற்க வச்சார், ஸ்தோத்திரம்" என்று சொல்லி எந்தச் சபையிலும் கேட்க முடியாது. வென்றவனுக்கு மட்டும் சாட்சி இருக்கிற விசுவாசத்தில் எங்கோ ஒரு தையல் விட்டிருக்கிறது.

விளையாட்டைப் பற்றி ஆண்டவருக்கு அக்கறை உண்டா என்று கேட்டால் பாஸ்டர்மார் இரண்டு விதமாகப் பதில் சொல்வார்கள். ஒருவர் "தலைமயிரையே எண்ணி வச்சிருக்கிறவர் உன் மெச்சப் பார்க்க மாட்டாரா" என்பார். இன்னொருவர் "ஆத்துமா அழிஞ்சு போகுது, இவனுக்குக் கிரிக்கெட்டு" என்பார். இரண்டிலும் மனம் அமைவதில்லை. முதலாமவர் ஆண்டவரை ஒரு அணிக்கு ஆதரவாளராக்கிவிடுகிறார். இரண்டாமவர் ஆறு நாள் மலையில் நின்ற உடம்பு ஏழாம் நாள் ஓட ஆசைப்படுவதைப் பாவக் கணக்கில் எழுதிவிடுகிறார்.

கிரவுண்டில் ஜெயம் எங்கே இருக்கிறது

தோட்டத்துக் கிரவுண்டில் நின்று பார்த்தவர்களுக்கு ஜெயம் எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஓரளவு தெரியும். மலையைச் சீவி எடுத்த மட்டம் அது. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் தேயிலை சரிந்து இறங்கும். நீளம் போதும், அகலம் போதாது. அதனால் ஒவ்வொரு கிரவுண்டுக்கும் தனிச் சட்டம். மண்சுவரில் பட்டால் இரண்டு ரன் என்பார்கள். தேயிலைக்குள் நேரே போய் விழுந்தால் சில இடத்தில் ஆறு, சில இடத்தில் அவுட். பக்கத்து மலை அந்த வருசம் கவ்வாத்து வெட்டியிருந்தால் பந்து கண்ணுக்குத் தெரியும். வெட்டாத மலையென்றால் வாதுக்கு அடியிலோ தண்ணீர் வடிகிற கானுக்குள்ளோ போய் உட்கார்ந்துகொள்ளும். தேடி எடுப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும், மழையும் வந்துவிடும்.

மழைதான் பெரிய விசயம். அட்டன், தலவாக்கலைப் பக்கம் ஜனவரியிலிருந்து நல்ல வெயில் காலம். மார்ச், ஏப்ரலில் காலை பளிச்சென்று இருந்தாலும் பின்னேரம் இடி இடித்துக் கொட்டும். பதுளைப் பக்கம் கணக்கு மாறும், வருசக் கடைசியில்தான் அங்கே அடைமழை. காய்ந்த டெனிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம். அதன் மேலுள்ள ரோமம் ஈரத்தைக் குடித்தால் பந்து கனத்துவிடும், செம்மண் பிட்ச்சில் எழும்பாது, எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தேயிலை வரை போகாது. டேப் சுற்றிய பந்து நேர் எதிர். டேப் தண்ணீரைக் குடிக்காது, ஆனால் மேலே ஈரம் படிந்து சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்கும். போடுகிறவன் கையில் பிடி நிற்காது, வைட்டும் ஃபுல்டோஸுமாகப் போகும். ஆகவே பின்னேரம் மப்புப் போடுகிற நாளில் டெனிஸ் பந்தென்றால் முதலில் மட்டை பிடித்து பெட் பண்ண வேண்டும், டேப் பந்தென்றால் முதலில் பந்து போட வேண்டும். இதைத் தெரிந்த கெப்டன் டாஸையும் வென்றால் பாதி மெச் முடிந்த மாதிரி. பந்து போடுகிறவன் கால் ஊன்றுகிற இடத்தில் மரத்தூள் போட ஒரு சாக்கு கொண்டுவந்திருக்கிற அணி மீதிப் பாதியில் கொஞ்சத்தைச் சம்பாதித்துவிடும்.

சிக்ஸர் தூரத்தைக்கூட மலை தீர்மானிக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று தடுப்பது குறைவதால் காய்ந்த பந்து கொழும்பில் போவதைவிட அங்கே கூடத் தூரம் போகும். "கர்த்தர் கைக்குப் பெலன் குடுத்தார்" என்று சொல்கிறவன் சொல்லட்டும். ஆனால் எதிரணிக்கும் அதே காற்றுத்தான்.

இனிக் கணக்கு. 16 அணி வந்த நொக்கவுட் என்று வைப்போம். கிண்ணம் எடுக்க நாலு மெச் வெல்ல வேண்டும். பதினாறு அணியும் ஜெபித்தாலும் பதினைந்து அணி தோற்றுத்தான் லொறி ஏறும். நாலு டாஸையும் தொடர்ந்து வெல்லும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. அதாவது ஒரு நாள் டூர்ணமெண்டில் யாரோ ஒரு கெப்டன் டாஸே தோற்காமல் பைனலை முடிப்பது அபூர்வமான காரியமில்லை. அந்தக் கெப்டன் கிறிஸ்தவனாக இருந்துவிட்டால் அடுத்த ஞாயிறு அது சாட்சியாகிவிடுகிறது. அவன் கிறிஸ்தவனாக இல்லாவிட்டால் அதே காரியத்துக்குப் பெயர் அதிர்ஷ்டம்.

அதுவும் நம் மலையகத்தில் முழுக்கக் கிறிஸ்தவப் பையன்களாக ஒரு அணி அமைவது அரிது. வட்டமாக நின்று தோளில் கை போட்டு ஜெபிக்கும்போது வட்டத்தில் பாதிப்பேர் நெற்றியில் மாரியம்மன் கோயில் திருநீறு இருக்கும். பாஸ்டர் "இயேசுவின் நாமத்தில்" என்று முடிக்க, எல்லோருமாக ஆமென் சொல்லிவிட்டு இறங்குவார்கள். இதை எந்த இறையியல் கூட்டத்திலும் தீர்த்து வைக்கவில்லை, கிரவுண்டில் தானாகத் தீர்ந்துவிட்டது. கண்டியில் பிறந்த முரளிதரன் படித்தது கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியில், பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய பள்ளிக்கூடம். அவர் இந்து. 2010 ஜூலை 22ஆம் திகதி காலியில், இந்தியாவின் கடைசி விக்கெட்டாக ஓஜாவை மஹேல கேட்ச் பிடித்தபோது அவருக்கு 800ஆவது விக்கெட் கிடைத்தது. எட்டு விக்கெட் தேவை என்கிற நிலையில், இதுதான் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இறங்கியவர். அந்த ஒரு விக்கெட்டை வேறு யாராவது எடுத்திருந்தால் 799ஓடு வீட்டுக்குப் போயிருப்பார். ஜெபிக்கிற கிறிஸ்தவனுக்கு ஜெயம் தருவதுதான் கர்த்தரின் வழக்கம் என்கிறவர்கள் காலியில் அன்று நடந்ததற்கு என்ன விளக்கம் வைத்திருக்கிறார்கள்? இயேசு சொன்னது வேறு: பிதா "நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்." பின்னேர மழையில் நனைந்து ஆடியவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை.

ஒரே ஒரு சொல்

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது பிரசங்கி 9:11ஐ எடுத்துப் போடுவார்கள். ஓடுகிறதற்கு வேகமுள்ளவர்களின் வேகமும், யுத்தத்துக்குச் சவுரியவான்களின் சவுரியமும் போதாது என்று தொடங்கும் வசனம். நம் பழைய தமிழ் வேதத் திருப்புதலில் அது முடிகிற விதம் இது: "அவர்களெல்லாருக்கும் சமயமும் தேவச்செயலும் நேரிடவேண்டும்." பிறகென்ன, வேகமாக ஓடினால் போதாது, தேவச்செயல் வேண்டும் என்று வேதமே சொல்லிவிட்டதே என்பார்கள். விளையாட்டுப் போட்டிக்கு முன் பிரசங்கம் பண்ணக் கூப்பிட்டால் இதைவிட வாட்டமான வசனம் கிடைக்காது.

ஆனால் மூலத்தில் அந்த இடத்தில் தேவன் இல்லை. எபிரேயச் சொல் 'பெகா'. ஒருவன்மேல் வந்து மோதுவது, எதிர்பாராமல் நேர்வது என்றுதான் அதற்குப் பொருள். எபிரேய வேதம் முழுவதிலும் அந்தப் பெயர்ச்சொல் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று பிரசங்கியில். மற்றது 1 இராஜாக்கள் 5:4, சாலொமோன் ஈராம் ராஜாவுக்குச் சொல்லியனுப்பும் செய்தியில். அங்கே நம் தமிழ் வேதம் "விரோதியும் இல்லை, இடையூறும் இல்லை" என்கிறது. ஆக, ஒரே சொல் ஓரிடத்தில் இடையூறு, இன்னோரிடத்தில் தேவச்செயல். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் பிரசங்கியின் அதே இடத்தில் வேளையும் வாய்ப்பும் என்று வரும்.

மொழிபெயர்த்தவர்கள் பிழைவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. மிஷனரி பவர் ஐயரின் குழு 1871இல் முடித்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது இந்தத் திருப்புதல். அந்தக் காலத் தமிழில் யாரும் எதிர்பாராமல் ஒன்று நடந்தால் அதைத் தெய்வச்செயல் என்பதுதான் வழக்கு. இன்றைக்கும் லொறி கவிழ்ந்து ஒருவன் பிழைத்துக்கொண்டால் தெய்வாதீனமாகத் தப்பினான் என்கிறோம். சொல்கிறவன் சாமி கும்பிடாதவனாக இருந்தாலும் வாயில் வருவது அதுதான். தமிழில் தற்செயலும் தெய்வச்செயலும் பக்கத்துப் பக்கத்து லயத்துக் காம்பிரா மாதிரி, நடுவில் ஒரு மெல்லிய சுவர். பிரசங்கி சொல்ல வந்தது, நீ எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் உன் கையில் இல்லாத ஒன்று வந்து குறுக்கே விழும் என்பது. வென்றவனை அடக்குவதற்காக எழுதிய வரியை நாம் வென்றவன் நெற்றியில் ஒட்டுகிற லேபலாக்கிவிட்டோம்.

வேதத்துக்கு தற்செயல் என்ற சொல்லும் கூச்சமில்லாமல் வரும். நல்ல சமாரியன் கதையில் அந்த ஆசாரியன் "தற்செயலாய்" அந்த வழியே வருகிறான், சொல்கிறவர் இயேசு. ரூத் போய் நின்ற போவாசின் வயலும் "தற்செயலாய் அவளுக்கு நேரிட்ட" வயல். எதிர்ப்பக்கம் நிற்கிற வசனத்தையும் மறைக்கக் கூடாது: "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்." நீதிமொழிகள் 16:33. அப்படியானால் டாஸ் காசும் கர்த்தர் கையில்தானே? ஆமாம், அப்படித்தான் வாசிக்க வேண்டும். ஆனால் தலை விழுந்ததும் அவரிடமிருந்து, பூ விழுந்ததும் அவரிடமிருந்து என்றால் டாஸ் தோற்றவனுக்கு வந்ததும் அவர் கையிலிருந்துதான் வந்தது. சீட்டுப் போட்டவர்கள் சண்டையை முடிக்கத்தான் போட்டார்கள். யாரைக் கர்த்தருக்கு அதிகம் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க அல்ல.

செலரிக் கிரீடம்

பவுலுக்கு விளையாட்டு தெரியும். கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை இஸ்த்மியப் போட்டி நடந்தது. வென்றவனுக்குப் பைன் இலையில் பின்னிய கிரீடம், சில காலங்களில் காய்ந்த செலரியில். நுவரெலியாவில் லீக்ஸ் பாத்திக்குப் பக்கத்தில் வளர்ந்து, தம்புள்ளைச் சந்தைக்குப் போய்ச் சேருமுன் வாடிவிடுகிற அதே செலரி. பவுலின் நிருபத்தில் கொரிந்தியர் "அழிவுள்ள கிரீடம்" என்பதை வாசித்தபோது மனசில் கண்டது அந்தக் கீரைதான். நம் பிளாஸ்டிக் கிண்ணம் அதைவிடக் கொஞ்ச நாள் கூட நிற்கும், முலாம் உரிந்தபிறகு டீவிக்கு மேலே.

பவுல் எங்கேயும் ஓட்டக்காரன் வெல்லும்படி ஜெபிக்கச் சொல்லவில்லை. அவன் உடம்பை அடக்குவதைக் கவனிக்கிறார், சட்டத்தைக் கவனிக்கிறார்: "ஒருவன் மல்யுத்தம்பண்ணினாலும், சட்டத்தின்படி பண்ணாவிட்டால் முடிசூட்டப்படான்." ஜேர்சியின் முதுகில் பிலிப்பியர் 4:13 அச்சடிப்பதற்குப் பதிலாக 2 தீமோத்தேயு 2:5 அச்சடித்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய" என்று எழுதியவர் காவலில் இருந்தார். அதற்கு முந்தின வசனத்தில் பட்டினி இருக்கவும் பழகினேன் என்கிறார். தோற்றாலும் தாங்குவேன் என்பதற்கான வசனம் அது. ஜேர்சிக் கடைக்காரருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

சட்டம் என்று வந்தால் தோட்டத்துக் கிரிக்கெட்டில் இடம் நிறைய உண்டு. அம்பயர் பெரும்பாலும் பெட் பண்ணுகிற அணியின் ஆள். டேப் பந்தில் நைசாகக் கீறி ஒரு பக்கம் உரித்துவிட்டால் பந்து வளையும். எல்லைக்கோட்டில் பிடித்த கேட்ச் தரையில் பட்டதா இல்லையா என்று பிடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும், கமராவா இருக்கிறது? புல் விரல்களுக்கு நடுவே நுழைந்ததை விரல் உணர்ந்திருக்கும். அவன் எழுந்து கையை உயர்த்துகிறானா, தலையை ஆட்டுகிறானா என்கிற அந்த இரண்டு விநாடி இருக்கிறதே, விளையாட்டில் ஆண்டவருக்கு அக்கறை உண்டா என்ற கேள்வியை அங்கே கொண்டுபோய்க் கேட்டால் பதில் சட்டென்று வருகிறது. கிண்ணம் யாருக்கு என்பதில் அந்தத் தெளிவு கிடைப்பதில்லை.

ஹன்சி குரோனியே கையில், இயேசு என்ன செய்வார் என்று கேட்கும் நாலெழுத்துப் பட்டி கட்டியிருந்தவர். தன் விசுவாசத்தை ஒளிக்காத தென்னாபிரிக்கக் கெப்டன். 2000இல் சூதாட்டத் தரகர்களிடம் பணம் வாங்கிய விவகாரம் வெளியே வந்தபோது சாத்தானுக்கு இடம் கொடுத்துவிட்டேன் என்றார். அவர் ஜெபம் போலி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அதைவிடப் பயப்பட வேண்டியது, ஜெபம் உண்மையாகவே இருந்து, ஜெயத்தைப் பற்றியதாக மட்டும் இருந்திருப்பது.

ஞாயிறு

மலையகத்தில் இந்தக் கேள்வி உண்மையில் கிழமைக் கணக்கில்தான் முட்டுகிறது. ஆறு நாள் வேலை; டூர்ணமெண்ட் வைக்க இருப்பது ஞாயிறு. ஆராதனைக்கும் அதே ஞாயிறு. கொழுந்து மிஞ்சுகிற மாதங்களில் கைக்காசுக்கு, அதாவது கையில் காசு தரும் மேலதிக வேலைக்கு, கூப்பிடுவதும் அதே ஞாயிறு. ஒரு நாளை மூன்று பேர் இழுக்கிறார்கள். இதில் கைக்காசுக்குப் போகிறவர்களைப் பற்றி எந்தப் பாஸ்டரும் பிரசங்கம் பண்ணுவதில்லை, கிரவுண்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் கண்டனம்.

வழி இல்லாமலில்லை. கத்தோலிக்கருக்குச் சனி மாலைப் பூசை ஞாயிறுக் கடமைக்குச் செல்லும், திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. மற்றச் சபைகள் ஆராதனையைக் காலை ஆறரைக்கு வைக்கலாம். ஏற்பாட்டாளர்கள் சீட்டு எடுக்குமுன், சபைப் பையன்கள் கூட இருக்கிற அணிகளைப் பதினொரு மணிக்குப் பிறகான பாதியில் போட்டுவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் மழையை நினைத்து ஏற்பாட்டாளர் எல்லாவற்றையும் காலைக்குத் தள்ளுவார், அங்கேதான் பேச்சு முறியும். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் வைத்தால் சாராயக்கடை பூட்டியிருக்கும் என்பது பலரும் சொல்லாமல் மனசில் வைத்திருக்கும் காரணம். பக்கத்தில் பன்சலை, பௌத்த விகாரை, இருந்தால் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட வேண்டும்.

உபாகமத்தில் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் தோட்டத்தில் வாசித்தால் வேறு மாதிரிக் கேட்கும்: உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும், ஏனென்றால் நீ எகிப்திலே அடிமையாயிருந்தாய். அடிமை வேலையிலிருந்து வந்தவனுக்கு ஓய்வு என்றால், மட்டக்கத்தியையும் மண் குத்துகிற முள்ளையும் வைத்துவிட்டு ஓடி விளையாடுவதும் அதில் அடங்கும் என்றே படுகிறது. வேலைக்காரி என்று ஒரு சொல்லும் அந்த வசனத்தில் இருக்கிறது. டூர்ணமெண்டுக்கு வந்தவர்களுக்கு ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தேத்தண்ணி வாளியைக் கிரவுண்டுக்குத் தூக்குகிறவர்களின் ஞாயிறை யாரும் எண்ணுவதில்லை. கிரவுண்டிலும் அப்படித்தான், சபையிலும் அப்படித்தான்.

ஞாயிறு விளையாட்டு என்றதும் எல்லாப் பிரசங்கத்திலும் வருகிறவர் ஸ்கொட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஆரம்பச் சுற்று ஞாயிறு என்பதால் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடி 47.6 செக்கனில் தங்கம். இறுதிப் போட்டி நாளில் அவர் கையில் ஒரு துண்டுக் கடதாசி கொடுக்கப்பட்டது, "என்னைக் கனம்பண்ணுகிறவர்களை நான் கனம்பண்ணுவேன்" என்ற வசனத்தோடு. பிரசங்கம் அங்கே முடிந்துவிடும், கனம்பண்ணினார், தங்கம் கிடைத்தது, ஆமென். மீதிக் கதையைச் சொன்னால் கணக்கு இடிக்கும். அவர் மிஷனரியாகச் சீனாவுக்குப் போனார். யுத்தத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். 1945 பெப்ரவரியில், 43 வயதில், மூளைக் கட்டியோடு அங்கேயே இறந்தார். தங்கம் கனம் என்றால் முகாம் என்ன?

அந்த முகாமில் நடந்த இன்னொன்று உண்டு. அடைபட்டிருந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹொக்கி விளையாடத் தொடங்கினார்கள். லிடெல் வார நாளில் அவர்களுக்கு விளையாட்டு நடத்துவார், ஞாயிறு மாட்டேன் என்றுவிட்டார். நடுவர் இல்லாமல் ஆடியதில் அடிதடியாகிப் போனது. ஒலிம்பிக் 100 மீட்டரையே ஞாயிறுக்காக விட்டுக்கொடுத்த மனிதர், அதற்கடுத்த ஞாயிறு நடுவராக மைதானத்தில் வந்து நின்றார்.